ஜன்னல் கண்ணாடிக்குள் வெள்ளி இருக்கிறது… தெரியுமா?

“வெளிச்சம் வரும், வெயில் வராது!”

வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, ஹெப்பாள், கனகபுரா ரோடு என்று பெங்களூருவின் எந்த மூலையில் புது அபார்ட்மென்ட் எழும்பினாலும், மாதிரி ஃபிளாட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் ஜன்னல் பக்கம் வந்ததும் இப்படித்தான் ஆரம்பிப்பார். அவர் புகழ்வது ‘லோ-ஈ’ எனப்படும் பூச்சுக் கண்ணாடியை. வெப்பத்தைக் குறைவாக உமிழும், மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் என்பார். பொய்யில்லை! ஆனால் அதே கண்ணாடி செல்போன் சிக்னலை விழுங்கும், மேட்டு நிலத்துக்கு ஏறினால் வயிறு உப்பும், முகம் மாற்றி மாட்டினால் குணம் மாறும் என்றெல்லாம் சொன்னாரா? அவர் விட்டதையெல்லாம் இங்கே அடுக்கியிருக்கிறோம். படியுங்கள், வியந்துபோவீர்கள்!

1. ஒரு மெட்டி வெள்ளி, வீட்டு ஜன்னல் அத்தனைக்கும் போதும்! தெரியுமா?

நகைக்கடையில் விற்கிற அதே வெள்ளிதான் லோ-ஈ கண்ணாடியின் உயிர். கண்ணாடியின் ஒரு முகத்தில் அதை ஏறத்தாழ 10 நானோமீட்டர் கனத்தில் படியவைக்கிறார்கள். தலைமுடியின் தடிமனை ஏழாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! கணக்குப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு வெறும் பத்தில் ஒரு கிராம் வெள்ளி. மூன்று கிராம் மெட்டி ஒன்றை உருக்கினால் 30 சதுர மீட்டர் ஜன்னலுக்குப் பூசிவிடலாம். மூன்று படுக்கையறை வீட்டுக்கே அது தாராளம்!

இத்தனூண்டு வெள்ளி என்ன செய்துவிடும்? சாதாரணக் கண்ணாடி, ஒரு பொருள் அந்த வெப்பநிலையில் உமிழக்கூடிய அதிகபட்ச வெப்பக் கதிரில் 84 சதவிகிதத்தை உமிழ்ந்துவிடும். வெள்ளி பூசிய முகம் 5 சதவிகிதத்தைக்கூடத் தாண்டாது. சில வகைகளில் ஒரு படலம், சிலவற்றில் இரண்டு, உயர்ரகத்தில் மூன்று. படலம் கூடக்கூட விலையும் கூடும்!

2. வெர்சாய் அரண்மனைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சொந்தம் உண்டு! தெரியுமா?

1665-ல், பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயியின் ஆட்சியில் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலை, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்கு 357 ஆடிகள் செய்துகொடுத்தது. அதன் வழிவந்த செயின்ட்-கோபெய்ன் நிறுவனம் 2000-ம் ஆண்டில் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. அன்று முகம் காட்டும் ஆடி. இன்று மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் வெப்பத்துக்கு மட்டும் ஆடியாக நிற்கும் ஜன்னல்!

வெள்ளிப் படலத்தை வெற்றிட அறைக்குள்தான் படியவைக்க முடியும். வெற்றிடத்தில் பிறந்ததாலோ என்னவோ, அதற்குக் காற்றும் ஆகாது, ஈரமும் ஆகாது. வெளியே விட்டால் அரித்துப்போகும். அதனால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, பூச்சு உள்பக்கம் இருக்கும்படி வைத்து, விளிம்பைச் சுற்றி மூடிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் டபுள் கிளேசிங். பூச்சு மட்டும் வேண்டும், இரட்டைக் கண்ணாடி வேண்டாம் என்றால் வெள்ளிப் பூச்சு உங்களுக்குக் கிடைக்காது. வெள்ளீய ஆக்ஸைடை, கண்ணாடி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே படியவைத்த கெட்டிப் பூச்சுதான் கிடைக்கும். அது முரட்டுப் பிள்ளை, காற்றைத் தாங்கும். ஆனால் உமிழ்வு 15, 20 சதவிகிதம் வரை போகும்!

3. இது குளிர் நாட்டுக்காகப் பிறந்தது! தெரியுமா?

1973-ல் எண்ணெய் நெருக்கடி. அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கணப்பில் எரித்த காசெல்லாம் ஜன்னல் வழியே ஆகாயத்துக்குப் போகிறதே என்று பதறி, கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் பூச்சுக் கண்ணாடி ஆராய்ச்சியில் இறங்கியது. 1980-களின் தொடக்கத்தில் சரக்கு கடைக்கு வந்தது. நோக்கம் ஒன்றுதான்: அறைச் சூடு அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்!

வெயில் நாடுகளுக்காக, சூரியனின் அகச்சிவப்புக் கதிரையும் திருப்பியடிக்கும் ரகம் பிறகு வந்தது. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான். ஆக, கடையில் ‘லோ-ஈ’ என்ற ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருவன் வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாதவன். இன்னொருவன் வெயிலையே தடுப்பவன். பெங்களூருவில் முதலாமவனைக் கூட்டிவந்தால், காசு கொடுத்து வீட்டைக் கணப்பாக்கிக்கொண்டதாகும்!

4. டெல்லியில் ஐந்து மடங்கு மதிப்பு, பெங்களூருவில் ஒரு பங்கு! தெரியுமா?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் பெங்களூரு. பதிவேட்டில் ஏறிய உச்சபட்ச வெப்பமே 39.2 டிகிரிதான், 2016 ஏப்ரலில். மிகக் குறைந்தது 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. இடைப்பட்ட நாள்களில் பெரும்பாலும் வெளிக்காற்று இதமாகவே இருக்கும். உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை வித்தியாசம் அதிகமில்லாத ஊரில் இரண்டாவது கண்ணாடி எதைத் தடுக்கும்?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்று ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதிமுறையை வெளியிட்டது. சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. அதைக் கணக்கிடும் சூத்திரத்தில் ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப எண்கள் மாறும். கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பத்துக்கு டெல்லியில் பெருக்க வேண்டிய எண் 1.85. பெங்களூரு வகை மிதமான ஊர்களுக்கு? வெறும் 0.37! ஆனால் நேரடி வெயிலுக்கான எண் டெல்லியில் 68.99, பெங்களூருவில் 63.69. அதில் பெரிய வித்தியாசமே இல்லை!

ஒரு சின்னக் கணக்கு. சுவர்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஜன்னல் என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால், கடத்தப்படும் வெப்பத்தில் மிச்சமாவது சதுர மீட்டருக்கு 0.3 வாட் அளவுதான். உள்ளே வரும் வெயிலை 80 சதவிகிதத்திலிருந்து 30-க்கு இறக்கினாலோ 6 வாட்டுக்கு மேல் மிச்சம்! அந்த இறக்கத்தைக் கண்ணாடியும் செய்யலாம், ஜன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடும் செய்யலாம். விதிமுறை இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. கதையின் நாயகன் சன்ஷேடு என்பது இப்போதே புரிந்திருக்குமே!

5. மிச்சமாகும் மின்சாரம் ஏற்கெனவே இலவசமாக இருக்கலாம்! தெரியுமா?

கர்நாடக அரசு 2023-ல் தொடங்கிய ‘கிருஹ ஜோதி’ திட்டத்தில், மாதம் 200 யூனிட் என்ற உச்சவரம்புக்குள் வீடுகளின் வழக்கமான பயன்பாட்டுக்குக் கட்டணமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றும் வீட்டில், ஏ.சி. இல்லாத வீட்டில், கண்ணாடி மிச்சம்பிடித்துக் கொடுக்க என்ன இருக்கிறது? பூஜ்ஜியத்திலிருந்து எதைக் கழிப்பது!

6. உங்கள் ஜன்னல் ஆயிரத்தில் ஒரு பங்கு சிக்னலை மட்டும் விடலாம்! தெரியுமா?

இதுதான் உச்சக்கட்ட விந்தை! வெப்பக் கதிரும் மின்காந்த அலை, செல்போன் சிக்னலும் மின்காந்த அலை. ஒன்றைத் திருப்பியடிக்கும் வெள்ளி இன்னொன்றை மட்டும் வரவேற்குமா? சாதாரணக் கண்ணாடியில் சிக்னல் இழப்பு சில டெசிபல்தான். பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில் 30 டெசிபல் இழப்பது சர்வசாதாரணம். 30 டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும்!

டவர் எதிரிலேயே நிற்கும். ஹாலில் ஒரு புள்ளி சிக்னல். வங்கியின் ஓ.டி.பி. வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஜன்னலைத் திறந்து பாருங்கள், நாலு புள்ளி! ஜி.பி.எஸ். அலைக்கும் இதே கதிதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் டெலிவரி செயலி உங்களை அடுத்த தெருவில் காட்டும்.

இது ஏதோ நம்மூர்ப் புலம்பல் அல்ல. ஐ.நா.வின் அங்கமான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், கட்டடத்துக்குள் அலை எவ்வளவு நுழையும் என்று கணிக்க 2017-ல் வெளியிட்ட பரிந்துரையில், உலகத்துக் கட்டடங்களையே இரண்டாகப் பிரித்துவிட்டது: பழைய வகை ஒன்று, வெப்பச் சிக்கனம் பார்க்கும் வகை இன்னொன்று. உலோகப் பூச்சுக் கண்ணாடி இரண்டாவது வகையின் அடையாளம்!

சுவிட்சர்லாந்தில் ரயில் பெட்டிகளுக்கே இந்தத் தலைவலி வந்தது. லொசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தார் லேசரால் பூச்சின்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் கிழித்தார்கள். வெப்பம் வெளியே போகவில்லை, சிக்னல் உள்ளே வந்தது! உலோகப் பூச்சு போட்ட கார்களின் முன்கண்ணாடியில், சுங்கச்சாவடி அட்டையை ஒட்டுவதற்கென்று பூச்சில்லாத ஒரு சிறு சதுரம் விட்டிருப்பார்கள். ஃபாஸ்டேக்கை அந்த இடத்தில் ஒட்டாவிட்டால் டோல்கேட் தூக்கி வழிவிடத் தயங்கும்!

வீட்டுக்கு மருந்து? வைஃபை வழியே பேசும் வசதியைப் போனில் இயக்கிவைப்பது. ஒரு ஜன்னலையாவது பூச்சில்லாமல் விடுவது!

7. சென்னையில் மூடிய ஜன்னல் பெங்களூருவில் உப்பும்! தெரியுமா?

கடலோரத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். பெங்களூருவில் ஏறக்குறைய 910. பத்து சதவிகிதம் குறைவு! சென்னைப் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டி மூடும்போது, நடுவில் சென்னைக் காற்று சிறைப்படுகிறது. லாரி ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, கிருஷ்ணகிரி மேடேறி, ஓசூரைத் தொடும்போது வெளியழுத்தம் குறைந்துகொண்டே வர, சிறைப்பட்ட காற்று “விடு, விடு” என்று தள்ளும். 12 மில்லிமீட்டர் இடைவெளி 13-ஐத் தாண்டி விரியப் பார்க்கும். கண்ணாடி வளைந்துகொடுக்காமல் விறைத்து நின்றால், ஒரு சதுர மீட்டர்மேல் விழும் தள்ளல் ஒரு டன் எடைக்குச் சமம்!

நல்ல வேளை, பெரிய கண்ணாடி வளைந்து அழுத்தத்தைத் தணித்துக்கொள்ளும். ஆபத்து யாருக்கு? பாத்ரூம் ஜன்னல் மாதிரிச் சின்னச் சின்னக் கண்ணாடிகளுக்கு! அவற்றால் வளைய முடியாது. விளிம்பு ஒட்டுதான் அடி வாங்கும். உயர வித்தியாசம் அதிகமுள்ள ஊர்களுக்கு அனுப்பும்போது ஊசிபோன்ற நுண்குழாய் ஒன்றை விளிம்பில் செருகி அழுத்தத்தைச் சமன் செய்வார்கள். ஆனால் அந்தக் குழாய் திறந்திருந்தால், காற்றுக்குப் பதிலாகக் கூடுதல் காசு கொடுத்து நிரப்பிய ஆர்கான் வாயு மெல்ல நழுவிவிடும்! எங்கே மூடிய கண்ணாடி என்று கேட்டு, பெங்களூருவிலேயே மூடியதை வாங்குவது உத்தமம்.

8. பால்கனிப் புல் உருகும்! தெரியுமா?

ஏழாவது விந்தையைத் திருப்பிப் போடுங்கள். பெங்களூருவில் மூடிய கண்ணாடியைச் சென்னையில் மாட்டினால்? உள்ளே அமுங்கிக் குழிந்துவிடும். குழிந்த கண்ணாடி என்றால் குழியாடி. குழியாடியில் வெயில் பட்டால் ஓரிடத்தில் குவியும்! குளிர்ந்த காலை நேரத்தில், உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதாலும் இப்படிக் குழிவு வரும். அமெரிக்காவில் லோ-ஈ ஜன்னலிலிருந்து குவிந்த வெயில் பக்கத்து வீட்டின் பிளாஸ்டிக் வெளிச்சுவரை நெளியவைத்திருக்கிறது, செயற்கைப் புல்லை உருக்கியிருக்கிறது. பால்கனியில் பச்சைப் புல் விரிப்பு போட்டிருக்கும் பெங்களூருவாசிகளே, எதிர் பிளாக் ஜன்னலைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்!

பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 2013-ல் லண்டனில் ‘வாக்கி-டாக்கி’ என்று செல்லப்பெயர் பெற்ற வானளாவிய கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு, தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. ஒரு நிருபர் அந்த வெயிலில் முட்டையே பொரித்தார்! அதே கட்டடக் கலைஞர் ரஃபேல் வின்யோலி வடிவமைத்த லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றின் நீச்சல்குளத்தில் 2010-லேயே இதே வம்பு வந்திருந்தது. லண்டன் கட்டடத்துக்குக் கடைசியில் என்ன வைத்தியம் தெரியுமா? வெளியே வெயில்மறைப்புத் தகடுகள். ஆமாம், சன்ஷேடு!

9. உங்கள் வீட்டுக் குளிர்ச்சி, அடுத்த வீட்டுக்காரர் வெக்கை! தெரியுமா?

பெங்களூருவின் புகழ்பெற்ற 30-க்கு 40 அடி மனையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கைநீட்டினால் தொடும் தூரம். நீங்கள் திருப்பியடித்த மாலை வெயில் எங்கே போகும்? அடுத்த வீட்டுப் படுக்கையறைக்கு! சிங்கப்பூரில் கட்டட முகப்புக் கண்ணாடி பகல் வெளிச்சத்தில் 20 சதவிகிதத்துக்கு மேல் திருப்பியடிக்கக் கூடாது என்று விதியே உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கை. இவ்வளவு நெருக்கத்தில் உங்கள் ஜன்னலுக்கு அடுத்த வீட்டுச் சுவரே நிழல் தருகிறது. நிழலில் இருக்கும் ஜன்னலுக்கு வெயில் தடுக்கும் பூச்சு போட்டால் தடுக்க வெயிலும் இருக்காது, உள்ளே வெளிச்சமும் இருக்காது. பட்டப்பகலில் விளக்குதான் எரியும்!

10. வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும்! தெரியுமா?

“வடக்குப் பக்கம்தானே, வெயிலே வராது” என்பார்கள். பெங்களூரு 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; நட்ட கம்புக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் அதுதான். இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே, கிட்டத்தட்ட நான்கு மாதம், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே! ஆனால் உயரத்தில் நிற்பதால் ஓரடி சன்ஷேடே சமாளித்துவிடும். அதற்குப்போய் விலையுயர்ந்த பூச்சா?

11. மாலையில் சன்ஷேடு தோற்கும் திசை எது? தெரியுமா?

மேற்கு! நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ இறங்கி நேராக அறைக்குள் நுழையும். சன்ஷேடின் கீழே புகுந்து வந்துவிடும். பூச்சுக் கண்ணாடிக்கு உண்மையான வேலை இங்கேதான். அதிலும் மூங்கில் தட்டியோ மரமோ வெளியே நின்றால், கண்ணாடியைத் தொடும் முன்பே வெயில் தடுக்கப்படும். 1980-களில் வன அதிகாரி எஸ்.ஜி. நேகினஹாள் தலைமையில் பெங்களூருவில் நடப்பட்ட மரங்கள் சுமார் 15 லட்சம். எத்தனை மேற்கு ஜன்னல்களுக்கு அந்த மரங்கள் இன்றும் திரைபோடுகின்றனவோ!

12. திருப்பி மாட்டினால் குணம் மாறும்! தெரியுமா?

இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகங்கள். வெளியிலிருந்து எண்ணினால் 1, 2, 3, 4. வெயில் ஊரில் பூச்சு 2-ம் முகத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் ஆள் முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டால் பூச்சு 3-ம் முகத்துக்குப் போய்விடும். குளிர் நாட்டு ஜன்னலாகி, கூடுதல் வெயில் உள்ளே வரும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது!

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. இருட்டில் லைட்டரைக் கண்ணாடி அருகே காட்டுங்கள். நான்கு சுடர்கள் பிரதிபலிக்கும். அவற்றில் ஒன்றின் நிறம் மட்டும் மாறித் தெரியும். அதுதான் பூச்சு இருக்கும் முகம். வெளியிலிருந்து எத்தனையாவது என்று எண்ணுங்கள். நான்கும் ஒரே நிறமா? உங்களுக்கு விற்றது சாதாரணக் கண்ணாடி!

13. துடைக்கவே முடியாத அழுக்கு ஒன்று உண்டு! தெரியுமா?

விளிம்பு ஒட்டு தளர்ந்தால் ஈரம் உள்ளே நுழையும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் சட்டத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகள் வைத்திருப்பார்கள். அவை நிரம்பும்வரை தெரியாது. நிரம்பிய பிறகு நடுவில் பனிமூட்டம்! வெள்ளியில் புள்ளி புள்ளியாக அரிப்பு! உள்பக்கமும் துடைக்க முடியாது, வெளிப்பக்கமும் துடைக்க முடியாது. பழுதுபார்க்க வழியில்லை, கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டியதுதான். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் மறுநாளே மூலைக்கடையில் வெட்டித் தருவார்கள். இதற்கு அளவு கொடுத்து, செய்து, வந்து சேரும்வரை அட்டை ஒட்டிய ஜன்னல்தான்!

14. யாரும் தொடாமலே கண்ணாடி விரியும்! தெரியுமா?

வெயிலை உறிஞ்சும் பூச்சுக் கண்ணாடியில் நடுப்பகுதி கொதிக்கும். சட்டத்துக்குள் ஒளிந்த விளிம்பும், நிழல் விழுந்த பகுதியும் குளிர்ந்திருக்கும். இந்த வித்தியாசம் 40 டிகிரியை நெருங்கினால் சாதாரணமாக வார்த்த கண்ணாடி விளிம்பிலிருந்து விரிசல் விடும். உள்ளே கனத்த திரைச்சீலை ஒட்டித் தொங்கினாலோ, ‘இன்னும் கொஞ்சம் குளிரட்டும்’ என்று கறுப்பு ஃபிலிம் ஒட்டினாலோ சூடு இன்னும் ஏறும். உத்தரவாதமும் பறிபோகும்! அதனால்தான் உறுதியேற்றிய ‘டஃபன்டு’ கண்ணாடி போடச் சொல்கிறார்கள். அதிலும் அபூர்வமாக நிக்கல் சல்ஃபைடு துகள் ஒளிந்திருந்தால், வருடங்கள் கழித்து நள்ளிரவில் தானே வெடித்துப் பொடியாகும். சூடேற்றிப் பார்க்கும் ‘ஹீட் சோக்’ சோதனை முடித்த கண்ணாடி கேளுங்கள்!

15. சத்தத்துக்கும் பூச்சுக்கும் சம்பந்தமே இல்லை! தெரியுமா?

“சில்க் போர்டு ஜங்ஷன் ஹாரன்கூடக் கேட்காது” என்று விற்பார்கள். வெள்ளிப் பூச்சு சத்தத்தை ஒரு துளியும் தடுக்காது. இரட்டைக் கண்ணாடியும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் சேர்ந்து அதிரும். 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அந்தச் சுருதி சுமார் 200 ஹெர்ட்ஸ். பஸ், லாரி உறுமும் பகுதி அதுதான்! இரண்டு கனங்களை வேறுபடுத்தி, ஒன்றை லேமினேட்டட் ஆக்கினால்தான் பலன்.

16. பகலில் பர்தா, இரவில் சினிமாத் திரை! தெரியுமா?

பளபளக்கும் ரகத்தில் பகலில் வெளியாருக்கு உங்கள் வீடு தெரியாது. விளக்குப் போட்டதும் கதை தலைகீழ்: உங்களுக்கு வெளியே தெரியாது, வெளியாருக்கு உங்கள் ஹால் பளிச்! திரைச்சீலைச் செலவு எப்படியும் தப்பாது.

17. இரவுக் குளிர் வாசலில் காத்து நிற்கும்! தெரியுமா?

பெங்களூருவின் பெரிய சொத்தே இரவுக் காற்றுதான். ஏப்ரலில்கூடப் பொழுதுசாய்ந்தால் இறங்கும் அந்தக் குளிரை, மூடிய இரட்டைக் கண்ணாடி உள்ளே விடாது. பகலெல்லாம் சுவரும் அடுப்பும் டிவியும் மனிதர்களும் சேர்த்த சூடு உள்ளேயே நிற்கும். கணப்புச் சூட்டைக் காக்கப் பிறந்ததல்லவா, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது!

மேலே சொன்ன ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிமுறை பெங்களூரு வகை ஊர்களில், கார்பெட் ஏரியாவில் 12.5 சதவிகிதத்துக்குத் திறக்கக்கூடிய பரப்பு வேண்டும் என்கிறது. 1,000 சதுர அடி வீட்டுக்கு 125 சதுர அடி. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலோ எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும்! ஆக, என்ன கண்ணாடி என்பதற்கு முன், எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள்.

18. பறவைக்கு அது ஜன்னலே இல்லை! தெரியுமா?

பளபளப்பான ஜன்னலில் தெரியும் மரமும் வானமும் பறவைக்கு நிஜம். நேராகப் பறந்து மோதும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாகின்றன என்று 2014-ல் ஓர் ஆய்வு கணித்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி ஒட்டினால் போதும், பறவை விலகிப் போகும்!

19. ஜன்னலின் உடன்பிறப்பு மொட்டைமாடியில் இருக்கிறது! தெரியுமா?

சோலார் வாட்டர் ஹீட்டருக்குப் பேர்போன ஊர் பெங்களூரு. மொட்டைமாடியில் கறுப்பாகச் சாய்ந்திருக்கும் அந்தக் குழாய்களின் பூச்சும் லோ-ஈ இனம்தான்! வெயிலை வாங்கிக்கொள்ளும்; வாங்கிய சூட்டை உமிழாது. அதனால்தான் மார்கழியிலும் வெந்நீர் வருகிறது. ஒரே வீட்டில், ஒரே குணம். சூடு வேண்டிய மாடியில் அது வரம். கீழே படுக்கையறையில் அது வரமா இல்லையா என்பது ஜன்னல் பார்த்த திசையைப் பொறுத்தது!

20. வெள்ளி இல்லாமலே ஜெயித்த பெங்களூரு வீடுகள்! தெரியுமா?

ரிச்மண்ட் டவுன், பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கம் மிஞ்சியிருக்கும் பழைய பங்களாக்களைப் பாருங்கள். ஜன்னலுக்கு மேல் கூம்பாக முன்னே நீட்டிய மரச்சட்டக் கூரை. ‘மங்கி டாப்’ என்று பேர். வெயிலை வெளியிலேயே நிறுத்தி, காற்றை உள்ளே விட்டது. சிக்னலையும் தடுக்காது!

இந்தக் காலத்து உதாரணம் டொம்லூரில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் சஞ்சய் மோகே வடிவமைத்த, எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியின் அலுவலகம். தெற்கே நாறும் சாக்கடை. காற்று வருவதோ அந்தப் பக்கமிருந்து. தெற்குச் சுவரைக் கறுப்புக் கடப்பாக் கல்லால் மூடினார். வெயிலில் கல் சூடேற, பின்னாலுள்ள காற்று மேலெழும்பி வெளியேற, வடக்கிலிருந்து சுத்தமான காற்று தானே உள்ளே நுழைகிறது. வெயிலைத் திருப்பியடிக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்ட கட்டடம்!

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஐந்து!

ஒன்று, எத்தனை சதவிகித வெயில் உள்ளே வரும்? எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னலுக்கு அது 0.3-ஐ ஒட்டி இருக்கட்டும். இரண்டு, வெளிச்சம் எவ்வளவு வரும்? வி.எல்.டி. எண் பாதிக்குக் கீழே போனால் அறை மங்கும். மூன்று, பூச்சு எந்த முகத்தில்? நான்கு, எந்த ஊரில் மூடியது? ஐந்து, ஒட்டு விட்டால் மாற்றித் தருவது எத்தனை ஆண்டு வரை, எழுத்தில் உண்டா?

பதில்கள் திருப்தியா? அப்படியானால் மேற்கு பார்த்த, வெளியே மறைப்பு போட வழியில்லாத, ஏ.சி. ஓடுகிற பத்தாவது மாடி அறைக்குத் தாராளமாக வாங்குங்கள். அங்கே கொடுத்த காசு திரும்பிவரும். மற்ற ஜன்னல்களுக்கு? அதே காசில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, சன்ஷேடை இன்னும் ஓரடி நீட்டச் சொல்லுங்கள்!